காட்டுக்கோழி மேல் சத்தியம்

சாந்தோம் மரியதாஸ் வாத்தியாரின் மகள் வெரோனிகா 1968 ஜூலையில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டபோது, எங்கள் வரலாற்றுத் துறையில் ஏற்கெனவே பதினொரு பேர் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். ஆய்வு என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஏழு பேருக்குக் கோயில் நிர்வாகம், ஆளுக்கொரு கோயில். இரண்டு பேருக்குச் சுங்கவரி. ஒருவர் எதை ஆராய்கிறார் என்பது அவருக்கே தெளிவில்லை. பதினொன்றாவது ஆள் நான், கணேசமூர்த்தி. நாயக்கர் காலத்து ஏரிப் பாசனம்.

எங்கள் எல்லோருக்கும் வழிகாட்டி பேராசிரியர் சண்முகவேல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் தி.நகரில் ஜவுளிக் கடை நடத்த, இவர் ஒருவர் மட்டும் படித்து மேலே வந்தவர். ஜவுளிக் குடும்பத்துப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்தால் விரலால் காகிதத்தின் தடிமனைத் தடவிப் பார்ப்பார், எத்தனை பக்கம் என்று கேட்பார், மேசையில் வைத்துவிடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் எங்களுக்கும் உள்ளே எதையாவது எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் இருந்தது.

இந்த நிம்மதிக்குள் வெரோனிகா கொண்டுவந்த தலைப்பு, 'பதினைந்தாம் நூற்றாண்டுப் பர்கண்டியின் அரசவைப் பண்பாடும் சிலுவைப் போர் வீரர் என்ற அடையாளமும்'. பதிவேட்டில் எழுதிக்கொண்ட துறைப் பியூன், "பர்கண்டி ஆந்திராவுல எந்தப் பக்கம்மா கீது?" என்று கேட்டார். பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் நடுவில் இருந்தது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவர் அந்தக் கட்டத்தில் 'வெளியூர்' என்று எழுதிக்கொண்டார்.

சண்முகவேல் அந்தத் தலைப்புக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் சம்மதம் கொடுத்துவிட்டார். நாங்கள் அசந்துபோனோம். காரணம் பின்னால்தான் தெரிந்தது. வெளிநாட்டு மாநாடுகளுக்கு அவர் நான்கு முறை விண்ணப்பித்து நான்கு முறையும் நிராகரிக்கப்பட்டிருந்தார். சோழர் கால ஊராட்சியைப் பற்றிக் கேட்க ஐரோப்பாவில் யாரும் தவித்துக்கொண்டிருக்கவில்லை. ஐரோப்பியர்களின் கதையையே ஐரோப்பியர்களுக்குச் சொன்னால் விமானச் சீட்டு கிடைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வெரோனிகாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரியிடம் பள்ளிக்கூடத்திலேயே பிரெஞ்சு படித்திருந்தாள். அப்பாவுக்கு லாகரிதம் அட்டவணை வாங்க லஸ் முனைப் பழைய புத்தகக் கடைக்குப் போனவள், எந்தச் சாமியாரோ விட்டுப்போன ஒரு பிரெஞ்சு ஏட்டை எடுத்து வந்துவிட்டாள். அட்டை கிடையாது, பூச்சி அரித்த ஓட்டைகள் முன்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஓடின. அதற்குப் பிறகு லாகரிதம் வாங்கவே இல்லை. அவளை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யார் எந்தப் பிறமொழிச் சொல்லைத் தப்பாக உச்சரித்தாலும் அந்த இடத்திலேயே திருத்துவாள். ஏழு பேர் ஏழு கோயிலை ஆராய்ந்தாலும் வாக்கியங்கள் ஒன்றாகவே இருக்கின்றன என்று ஒருமுறை சொன்னாள். அது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடிற்று.

அந்த ஏட்டில் இருந்த கதை இதுதான். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போனது. மறு ஆண்டு பிப்ரவரியில் பர்கண்டியின் பிரபு, லீல் என்ற ஊரில் ஒரு பெரிய விருந்து வைத்தார். சிலுவைப் போருக்குப் புறப்படுவதாகச் சபையறியச் சத்தியம் செய்வதற்கான விருந்து. மேசைமேல் வைத்த பிரம்மாண்டமான பலகாரம் ஒன்றுக்குள் இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். திருச்சபை வேடம் கட்டிய ஒருவர் யானைமேல் ஏறிவந்து அழுதார். பிறகு கழுத்தில் பொன் பட்டையும் மணிகளும் பூட்டிய உயிருள்ள பறவை ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் அதை ஃபெசன்ட் என்பார்கள். நம் ஊரில் கிடையாது, வால் நீண்ட காட்டுக்கோழி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காட்டுக்கோழியின் மேல் ஆணையாகப் பிரபு சத்தியம் செய்தார். அவர் செய்ததும் மற்றவர்கள் போட்டி போட்டார்கள். ஒருவர் இனிச் செவ்வாய்க்கிழமைகளில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்றார். இன்னொருவர் எதிரியோடு போர் செய்யும்வரை சனிக்கிழமைகளில் கட்டிலில் படுக்கமாட்டேன் என்றார். அப்புறம் எல்லோரும் நடனமாடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பிரபு போருக்குப் போகவே இல்லை. பதின்மூன்று வருஷம் கழித்து ஊரிலேயே செத்தார்.

போகாத போருக்கு வீரன் என்ற பெயர் எப்படிக் கிடைக்கிறது, அதற்கு அரசவையின் விருந்தும் வேடமும் எப்படி உதவுகின்றன என்பதே வெரோனிகாவின் ஆய்வு.

சாந்தோம் பங்கின் வாலிபர் சங்கத்தார் இது தெரியாமல், சிலுவைப் போர் வீரர்களின் விசுவாசம் பற்றி ஒரு ஞாயிறு மாலை பேசும்படி அவளை அழைத்தார்கள். அவள் பலகாரத்தையும் யானையையும் நடனத்தையும் சொல்லி, ஒருவரும் கிளம்பவில்லை என்று முடித்தாள். நன்றியுரை சொல்ல வேண்டியவர் எழுந்து நின்று, சற்று யோசித்து, எல்லோருக்கும் தேநீர் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பங்கில் அவளை யாரும் பேசக் கூப்பிடவில்லை.

மரியதாஸ் வாத்தியார் மகளை நினைத்துப் பெருமைப்பட்டார், ஆனால் எதற்காகப் பெருமைப்படுகிறோம் என்பது அவருக்குப் புரியவில்லை. கணக்கு வாத்தியார் அவர். எந்தப் பிரச்சினைக்கும் கடைசியில் ஒரு விடை வரும் என்று நம்பி வாழ்ந்தவர். சாப்பாட்டு மேசையில், பட்டம் வாங்கிய பிறகுதான் கல்யாணம் என்று மகள் அறிவித்தபோது, எத்தனை வருஷம் என்று கேட்டார். மூன்று என்றாள். அவர் நாட்காட்டியில் 1971 என்று பென்சிலால் குறித்துவைத்தார்.

பெண் கேட்டு வந்தவன் கிண்டித் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளனாக இருந்த ஹென்றி. அதே பங்குக்காரன், நல்ல மாதிரி. காத்திருக்கிறேன் என்று சொன்னான். அவள் சந்தோஷத்தில் அவனுக்கு அந்த விருந்துக் கதையை முழுதாகச் சொன்னாள். நான்கு வருஷம் பொறுத்தவன், 1972 தவக்காலத்தில் கோயில் வாசலில் அவளைப் பார்த்துத் தெளிவாகப் பேசிவிட்டான். "அந்தப் பிரபுங்களே சத்தியம் பண்ணிட்டுப் போகலைன்னு நீதானே சொன்ன. நான் மட்டும் இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கணும்?" அந்த ஜூனில் அவனுக்கு ஒரு நர்சோடு கல்யாணம் நடந்தது. வெரோனிகா போய் வாழ்த்திவிட்டு வந்தாள். தன் ஆய்வின் முடிவை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவன் ஹென்றிதான் என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

இந்தத் தாமதத்துக்கு அவள் காரணமில்லை. 1971-இலேயே நான்கு அத்தியாயங்களும் தயார். படிக்க ஆளில்லை என்பதுதான் பிரச்சினை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் எல்லோரும் தி.நகரில் சண்முகவேல் வீட்டில் கூடுவது வழக்கம். மேற்கு மாம்பலத்திலிருந்து நான் ரயில் பாதையைத் தாண்டி நடந்தே போய்விடுவேன். முன்கூடத்தில் ஐந்து நாற்காலிகள்தான். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மூத்த ஆய்வாளர் செய்தித்தாளைப் பிரித்துக் கொடுப்பார். அடுத்தவர் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்து வாங்கி வருவார். சுங்கவரிக்காரர்களில் ஒருவர் பேராசிரியர் மகனுக்கு வீட்டுப்பாடம். நான் ரேஷன் வரிசை. பேராசிரியரின் மனைவி இசக்கியம்மாள் உள்ளேயிருந்து பையை நீட்டும்போது, வாங்கப் போகிறவனைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். அந்த வீட்டில் எங்களை மனிதர்களாக நினைத்தது அவர் ஒருவர்தான்.

வெரோனிகாவுக்கு ஒதுக்கப்பட்ட வேலை, பேராசிரியரின் ஆங்கிலக் கடிதங்களை எழுதுவது. முதல் ஞாயிறு அவள் ஒரு மணி நேரம் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், பிரபு கை துடைக்கும் துணியை எந்தச் சீமான் நீட்டுவது என்று பர்கண்டியிலும் இப்படித்தான் சண்டை நடக்கும் என்றாள். அங்கே துணி நீட்டியவனுக்கு நிலமாவது கிடைத்தது என்றும் சொன்னாள். அன்று முழுதும் நான் கையில் சர்க்கரைப் பையோடு அவமானமாக உணர்ந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன்.

அவளுடைய அத்தியாயங்களைப் படித்த ஒரே ஜீவன், கச்சேரி ரோட்டில் தட்டச்சு நிலையம் வைத்திருந்த கோமளம் மாமி. மயிலாப்பூர்ப் பேராசிரியர்கள் பாதிப்பேரின் ஆய்வுகளும் அவர் விரல் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தன. மற்றவர்களின் ஆய்வுகளைக் கண் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று அடித்துத் தள்ளுகிறவர், வெரோனிகா கட்டோடு வந்தால் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலில் படிப்பார். "ஏண்டிம்மா, அந்த செவ்வாக்கிழமைக்காரர் விரதத்தை விட்டுட்டாரா, இல்லையா? ஆத்துல எல்லாரும் கேக்கறா" என்பார். மாமி வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு பர்கண்டிக் கதையும் நடந்துகொண்டிருந்தது.

1972 ஜூலையில் சண்முகவேல் திடீரென்று நான்காம் அத்தியாயத்தைக் கேட்டார். விருந்தைப் பற்றிய அத்தியாயம். "கொடும்மா, உக்காந்து படிச்சிப் பாக்கேன்" என்றார். வெரோனிகாவின் கண் கலங்கிவிட்டது. எங்களில் எவனுடைய எழுத்தையும் அவர் அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் பொறாமையில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

செப்டம்பரில் பேராசிரியர் பெல்ஜியத்துக்குப் பறந்தார். ஐரோப்பிய அரசவைகள் பற்றிய மாநாட்டில் சென்னைப் பேராசிரியர் கட்டுரை வாசிக்கிறார் என்று செய்தித்தாளில் கட்டுரைத் தலைப்போடு நான்கு வரி வந்தது. வெரோனிகா அந்த நான்கு வரியைக் கத்தரித்து என்னிடம் காட்டி, தலைப்பு யாருடையது தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். நீ ஏதாவது சொல்லுவாயா என்றாள். என் ஆய்வேட்டில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்றேன். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்த ஞாயிறு தி.நகர் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. அக்டோபர் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மாநாட்டில் கைதட்டு நிற்கவே இல்லையாம். தாடி வைத்த இளைஞர்கள் வந்து கட்டிக்கொண்டார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு வெரோனிகாவைப் பார்த்து, குறையாக ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒன் டைப்பிஸ்டுக்கு ஸ்பெல்லிங் வரலம்மா. நாப்பத்தி மூணு இடத்துல நானே உக்காந்து திருத்துனேன்."

எந்த வார்த்தை என்று அவள் கேட்டாள்.

"பெசன்ட். எல்லா எடத்துலயும் ஒரு ஹெச்ச சேத்து அடிச்சிருந்தா."

ஆங்கிலத்தில் காட்டுக்கோழிக்கும் குடியானவனுக்கும் அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் ஆய்தத்தை விட்டு எழுதினால் அதுவும் கிடையாது, இரண்டும் பெசன்ட்தான். விமானம் ஏறுமுன் வாய்விட்டு வாசித்துப் பழகியவர், ஃபெசன்ட் என்று ஒரு சொல் இருப்பதையே அறியாமல், வேலை மெனக்கெட்டு நாற்பத்து மூன்று ஹெச்சுகளையும் கோடு போட்டு அடித்திருக்கிறார். ஆகவே பெல்ஜியத்தில் அவர் வாசித்த கட்டுரையின்படி, கழுத்தில் பொன் பட்டையும் மணிகளும் பூட்டிய உயிருள்ள குடியானவன் ஒருவனைச் சபைக்குத் தூக்கி வந்தார்கள். பிரபுக்கள் குடியானவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். இம்மாதிரி விருந்துகளில் வறுத்த குடியானவனுக்கு இறகுகளை மறுபடி செருகி அழகாக வைப்பதும், அவனை முறைப்படி துண்டு போடுவது இளம் வீரனின் பயிற்சியில் ஒரு பகுதி என்பதும் அதே கட்டுரையில் வந்தன.

வெரோனிகா எழுந்து போய்விட்டாள். அவள் சிரிக்கப் போனாளா அழப் போனாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சமையலறைப் பக்கம் நின்ற இசக்கியம்மாள் மட்டும் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவமானத்தோடு இது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஐரோப்பாவில் அது வேறு காலம். கல்லூரிக்குக் கல்லூரி புரட்சி பேசிக்கொண்டிருந்த இளைஞர்கள் இந்தக் கட்டுரையில் தப்பைப் பார்க்கவில்லை, தத்துவத்தைப் பார்த்தார்கள். ஆளும் வர்க்கம் தன் வீரத்தைக் குடியானவனின் உடம்பின் மேல்தான் சத்தியம் செய்கிறது, அவனை வறுத்துத்தான் தின்கிறது, இதை இப்படி நேரடியாகச் சொல்ல மூன்றாம் உலகத்திலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்று கடிதங்கள் வந்தன. அவற்றைச் சண்முகவேலுக்குப் படித்துச் சொன்னதும் வெரோனிகாதான், கடிதங்கள் அவள் இலாகா என்பதால். 1973-இல் கட்டுரை அச்சாகி வந்தது. அதே ஆண்டு அவர் துறைத் தலைவரானார்.

தன் பெயர் ஓர் அடிக்குறிப்பிலாவது இருக்கிறதா என்று வெரோனிகா புரட்டிப் பார்த்தாள். கச்சேரி ரோட்டுத் தட்டச்சுப் பிழைகளைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது.

அதன் பிறகுதான் உண்மையான தொல்லை. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, ஆய்வேடு முழுவதிலும் குடியானவன் என்றே மாற்றிவிடச் சொன்னார். மூல ஏட்டில் பறவை என்று இருக்கிறது, பிரெஞ்சுச் சொல்லில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று அவள் சொன்னாள்.

"பிரெஞ்சுக்காரன் தப்பா எழுதியிருப்பான். நான் அச்சுல சொல்லிட்டேம்லா, இனி அதுதான் சரித்திரம்."

"பறவைக்கு இறகு இருக்கு சார். குடியானவனுக்கு இறகு எங்கேருந்து வந்தது?"

"அதத்தான் நீ ஆராய்ச்சி பண்ணணும்" என்றார் அவர்.

அவள் மாற்ற மறுத்தாள். அவர் கையெழுத்துப் போட மறுத்தார். இப்படியே மூன்று வருஷம் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவது நின்றது. அவள் இடத்து நாற்காலிக்கு நான் உயர்ந்தேன். அடையாற்றில் இரண்டு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து நாளை ஓட்டினாள். மரியதாஸ் வாத்தியார் நாட்காட்டியில் எதையும் குறிப்பதை விட்டுவிட்டார். பறவையா மனிதனா என்பதில் என்ன இருக்கிறது, ஒரு ஹெச்சுக்காக வாழ்க்கையைத் தொலைக்காதே என்று நான் அவளுக்கு அறிவுரை சொன்னேன். உன் ஏரியைக் கிணறு என்று அவர் சொன்னால் மாற்றுவாயா என்று கேட்டாள். அதற்குள் நான் இரண்டு ஏரிகளை மாற்றிக் கொடுத்திருந்தேன்.

வழி சொன்னவர் கோமளம் மாமி. விஷயம் முழுதும் தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம் தனி. இருபது வருஷத் தொழிலில் ஒரு ஹெச்சைக் கூடக் கூடுதலாக அடித்ததில்லை அவர். "பெசன்ட் நகர் பெசன்ட்டுன்னு நெனச்சுண்டுட்டாரா அவர்?" என்று கேட்டுவிட்டு, தொழில் ரகசியத்தை எடுத்துச் சொன்னார். எந்தப் பேராசிரியரும் தலைப்புப் பக்கத்தைப் பார்ப்பார், முன்னுரையில் தமக்கு நன்றி சொல்லியிருக்கிறதா என்று பார்ப்பார், நூற்பட்டியலில் தம் பெயரைத் தேடுவார். மிச்சத்தைத் தூக்கிப் பார்ப்பார். "அந்த மூணு பக்கத்தை அவருக்குப் பிடிச்ச மாதிரி அடிச்சுத் தரேன். மத்த முன்னூறு பக்கமும் உன்னோடது."

வெரோனிகா ஒரு வாரம் தவித்தாள். பொய் சொல்லிப் பட்டம் வாங்குவது பாவமா என்று சாமியாரிடம் போய்க் கேட்டதாகப் பிற்பாடு அவளே சொன்னாள். எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மையானால் பாவமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து முன்னுரையை எழுதினாள். 'இந்த விருந்தில் ஒரு குடியானவன் இருந்தான் என்பது முழுக்க முழுக்கப் பேராசிரியர் சண்முகவேல் அவர்களின் கண்டுபிடிப்பு. அவருக்கு முன் எந்த அறிஞரும் இதைக் கண்டதில்லை. இதற்கான பெருமையில் எனக்குச் சிறிதும் பங்கில்லை.' ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

உள்ளே நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஓர் அடிக்குறிப்பும் எழுதினாள். பறவைக்கான மூலச் சொல் என்ன, பெல்ஜிய மாநாட்டுக் கட்டுரை அதை எப்படித் தவறவிட்டது என்பதெல்லாம் அதில் இருந்தன.

1976 நவம்பரில் அவள் அந்தக் கனமான கட்டோடு தி.நகர் போனாள். சண்முகவேல் தலைப்பைப் பார்த்தார். முன்னுரையை இரண்டு தரம் படித்தார். நூற்பட்டியலில் தம் பெயரைக் கண்டார். கட்டைத் தூக்கிப் பார்த்தார். "இப்பந்தாம்மா ஒனக்குப் பக்குவம் வந்திருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு. துறையின் கருத்தரங்க அறையில் அறுபது பேர் இருந்தோம். மரியதாஸ் வாத்தியார் முழுக்கைச் சட்டையில் முன்வரிசையில். அவருக்குப் பின்னால் கோமளம் மாமி. இசக்கியம்மாள்கூட வந்திருந்தார், கணவர் மேடையில் உட்காருவதைப் பார்க்க. வேறு மாநிலத்திலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் நடுவில், சண்முகவேல் தலைமை நாற்காலியில். வெளிநாட்டுத் தேர்வாளரான பெல்ஜிய முதியவர் வரவில்லை, மதிப்பீட்டை எழுதி அனுப்பியிருந்தார். அதைச் சபையில் வாசிப்பது தலைவரின் பொறுப்பு.

உறை முந்தின நாளே வந்துவிட்டது. அவர் கடைசி வரியை மட்டும் பார்த்து, பட்டம் அளிக்கலாம் என்று இருந்ததும் திருப்தியாகி மூடி வைத்திருக்கிறார். இப்போது எழுந்து நின்று, மாநாட்டுக் குரலில், ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கத் தொடங்கினார். ஆய்வாளரின் மொழியறிவு பாராட்டுக்குரியது. அரசவை பற்றிய பார்வை புதியது. ஆனால் இந்த ஆய்வின் மிகச் சிறந்த பகுதி நூற்று நாற்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பு. இதைச் சொல்லும்போது ஒரு விரலைக்கூட உயர்த்தினார்.

மேலே படித்தார். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஒரு கட்டுரை, ஓர் எழுத்துப் பிழையால் காட்டுக்கோழியைக் குடியானவனாக்கியது. என் மாணவர்களில் மூவர் அதை நம்பிப் புத்தகமே எழுதத் தொடங்கிவிட்டார்கள். மூல ஏட்டை ஒருமுறையும் திறந்து பார்க்காத ஒருவரால் மட்டுமே செய்ய முடிந்த அந்த அபத்தத்தை...

இங்கே அவர் குரல் இறங்கியது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. வாசித்துப் பழகிய வாய், கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே போனது. அந்த அபத்தத்தை இந்த இளம் பெண் துணிவோடு முடித்து வைத்திருக்கிறார். இவருடைய வழிகாட்டி யாரோ, அவர் பெருமைப்படலாம்.

கதவோரம் நின்ற பியூன் என் காதருகே, "இன்னா நைனா, ஐயா மூஞ்சி சுண்டிப் போய்க் கீது" என்றார். வெரோனிகா தலை குனியவில்லை, சிரிக்கவும் இல்லை. தவறாக உச்சரிக்கும் ஒருவரைத் திருத்துவதற்காகக் காத்திருக்கும் அதே முகம்.

சண்முகவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்தக் கட்டுரைய வாசிச்சது நாந்தான்" என்றார். "தப்புன்னு தெரிஞ்சேதான் வாசிச்சேன். குரு சொல்லிட்டாருன்னு தலையாட்டுதாளா, இல்ல எந்திரிச்சித் திருத்துதாளான்னு பாக்க நெனச்சேன். அஞ்சு வருசம் காத்திருந்தேன். திருத்திட்டா."

வெளிமாநிலத் தேர்வாளர் கைதட்டினார். இப்படி ஓர் ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்றார். அறை முழுதும் கைதட்டியது. நானும் தட்டினேன், பலமாகவே. தட்டாதவர்கள் மூன்று பேர்: வெரோனிகா, கோமளம் மாமி, இசக்கியம்மாள். மரியதாஸ் வாத்தியார் நிஜமாகவே நம்பி எழுந்துபோய்ப் பேராசிரியரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான் வெரோனிகா முதல் முறையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பட்டம் கிடைத்தது. வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன மகளிர் கல்லூரிகளில் பர்கண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உள்ளாட்சி வளர்ச்சிப் பாடம் எடுக்க முடியுமா, விளையாட்டு விழாவைக் கவனிக்க முடியுமா என்று கேட்டார்கள். மூன்றாவது கல்லூரியில் இரண்டுக்கும் ஆம் என்றாள். 1978 முதல் அடையாறு பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, அப்பாவை அழைத்து வைத்துக்கொண்டு, வாரம் பதினெட்டு மணி நேரம் இந்திய வரலாறு நடத்தினாள். அவள் பாடத்திட்டத்தில் சிலுவைப் போருக்கு ஒன்றரைப் பக்கம்.

சண்முகவேல் அதோடு விட்டுவிடவில்லை. பெல்ஜியத்துக்காரர்களுக்கு ஒரு விளக்கம் தரவேண்டும் அல்லவா. வேண்டுமென்றே தவறு செய்து மாணவர்களைச் சோதிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி வெரோனிகாவுக்கு ஆளனுப்பினார். அவள் முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டாள். ஆகவே அந்த வேலை என்னிடம் வந்தது. பத்து வருஷமாக நான் ஏரிக்கரையிலேயே நின்றுகொண்டிருந்தேன், என் நிலைமை அப்படி. இருபத்தாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் தடிமனைத் தடவிப் பார்த்தார், இரண்டாம் முறை விமானம் ஏறினார். அடுத்த மாதமே என் ஆய்வேட்டில் கையெழுத்து விழுந்தது.

கட்டுரை 1979-இல் அச்சானபோது பேராசிரியர் பெயருக்குக் கீழே என் பெயர் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து எனக்கு ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு, குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஆண்டு தவறு, பதினான்கில் பிரபுவின் மனைவி பெயர் தவறு, இருபத்து மூன்றில் லீல் நகரத்தைத் தவறான ஆற்றங்கரையில் வைத்திருக்கிறாய் என்று மட்டும் எழுதியிருந்தாள். நூலகத்தில் போய்ச் சரிபார்த்தேன். மூன்றும் என் பிழைகள்தான்.